ஆலோசனைக் குழுக்களின் நடவடிக்கை நமக்குத் தெரிய வேண்டாமா?

— கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிலையை அறிய விரும்புவோர் முதலில் அதன் பெட்டியிலுள்ள பணத்தை எண்ண வேண்டுவதில்லை. தீர்மானப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாலே போதும். கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது, எவரெவர் வந்திருந்தனர், எந்தப் பொருள் விவாதிக்கப்பட்டது, என்ன முடிவாயிற்று என்பவை ஒழுங்காக எழுதப்பட்டுக் கையொப்பமும் பெற்றிருக்குமாயின், அச்சங்கம் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். புத்தகம் அலமாரியில் பூட்டப்பட்டு, சாவி எவரிடம் இருக்கிறது என்பதே தெரியாத சங்கத்தில் மற்றக் குறைகளையும் தேடிக் காண அதிக நேரம் ஆவதில்லை. ஆய்வுக்காகச் சங்கம் சங்கமாகச் சென்று வரும் எவரும் இதனை ஒப்புக்கொள்வர்.

இந்த அளவுகோலை நம் சங்கங்களோடு நிறுத்திவிடாமல், நம் தொழிலைப் பற்றி அரசாங்கத்துக்கு யோசனை கூறும் வாரியங்களுக்கும் குழுக்களுக்கும் வைத்துப் பார்த்தால் என்ன? நூல் விலை, மின் கட்டணம், நிலத்தடி நீர், ஆலைகளுக்கான அனுமதி ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஏதேனும் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறியில் அமர்ந்திருப்பவருக்கும், கும்மிடிப்பூண்டியைச் சுற்றி நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுபவருக்கும் அக்குழுக்களின் முடிவால் நன்மையோ தீமையோ வந்து சேர்கிறது. ஆனால் அக்குழு எப்பொழுது கூடியது, யார் என்ன கூறினர் என்பது அவர்களை எட்டுவது அரிது. இக்குறையைப் பற்றியும், அதனை நீக்கச் சட்டம் நமக்கு ஏற்கெனவே தந்திருக்கும் ஒரு கருவியைப் பற்றியும் அங்கத்தினர்களுடன் கலந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யோசனைக்கு உள்ள வலிமை

ஆலோசனைக் குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. எனவே அதனைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் உதாரணத்தைக் காண்போம்.

1985-ஆம் ஆண்டு மத்திய அரசு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. இன்ன இன்ன துணி ரகங்களைக் கைத்தறியிலேயே நெய்ய வேண்டும், விசைத்தறியிலும் ஆலையிலும் நெய்யக்கூடாது என்று ஒதுக்கி வைக்க அச்சட்டம் வழி செய்தது. எந்த ரகங்களை ஒதுக்குவது என்பதைப் பற்றி அரசுக்குப் பரிந்துரை செய்ய ஓர் ஆலோசனைக் குழுவும் அச்சட்டத்திலேயே விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. சட்டம் செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. பின்னர் 1996-இல் வந்த ஆணையில் ரகங்கள் 22-லிருந்து 11 ஆகக் குறைந்தன. சேலை, வேட்டி, லுங்கி, துண்டு, ஜமுக்காளம் முதலியவை பட்டியலில் நின்றன, மற்றவை நீங்கின.

ஒரு ரகம் பட்டியலில் இருப்பதும் நீங்குவதும் கைத்தறிக்காரருக்கும் விசைத்தறிக்காரருக்கும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. நம் மாவட்டத்தில் ஒரே தெருவில், சில சமயம் ஒரே குடும்பத்தில், இரண்டு வகைத் தறிகளும் ஓடுகின்றன. ஒருவருக்கு இலாபமாவது மற்றவருக்கு நஷ்டமாகலாம். இத்தகைய முடிவுக்கு அடிப்படையான வாதங்கள் இரு சாராருக்கும் தெரிந்திருப்பது நியாயமல்லவா?

மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஓர் ஆலோசனைக் குழுவை ஏற்படுத்துகிறது. வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் முதலிய துறைகளின் சார்பில் 21 பேருக்கு மேற்படாமல் அதில் இடம் பெறலாம். ஆணையம் தன் பணிகளை ஒளிவுமறைவின்றி நடத்த வேண்டும் என்று 86-ஆம் பிரிவும் கூறுகிறது. 2022-ஆம் ஆண்டு கட்டண உயர்வுக்கு முன்னர், ஆகஸ்ட் மாதத்தில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சு முதல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் இரு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. இவை யாவும் நம் அடுப்பங்கரை வரை வந்து சேரும் விஷயங்கள். விவசாயத்தின் பெயரால் அந்த ஆலோசனைக் குழுவில் அமர்ந்திருப்பவர் யார், நமக்காக அவர் என்ன பேசினார் என்று கேட்டறிவது நம் கடமையாகும்.

கைத்தறி வாரியத்தின் கதை

யாரும் கவனியாத வாரியத்துக்கு என்ன நேரும் என்பதற்கு அகில இந்தியக் கைத்தறி வாரியமே சான்று.

நாடு விடுதலை பெற்றபின் 1952-இல் இவ்வாரியம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, ஆலைத் துணியின்மீது கூடுதல் தீர்வை விதித்து அத்தொகையைக் கதர், கைத்தறி ஆகியவற்றின் வளர்ச்சிக்குச் செலவிடச் சட்டம் பிறந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் பெருகிய காலம் அது. பிற்காலத்தில், 1992-இல், வாரியம் மத்திய ஜவுளி அமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஆலோசனை அமைப்பாகத் திருத்தி அமைக்கப்பட்டது. அதிகாரிகளோடு அதிகாரிகள் அல்லாதாரும் அதில் இடம்பெற்றனர்.

2020-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதியிட்ட அறிவிக்கையால் மத்திய ஜவுளி அமைச்சகம் இவ்வாரியத்தைக் கலைத்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி கைவினைப் பொருள் வாரியமும் கலைக்கப்பட்டது. அரசின் அமைப்புகளைச் சுருக்கிச் சீர்செய்தல் என்பதே அறிவிக்கையில் கூறப்பட்ட காரணம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அந்நாளையொட்டியே இச்செய்தி பலருக்குத் தெரிய வந்தது. நெசவாளர்களின் குரல் அரசுக்கு நேராகக் கேட்பதற்கிருந்த இடம் போயிற்று என்று சிலர் வருந்தினர். வாரியம் இருந்தும் பயன் என்ன என்று சிலர் கேட்டனர்.

இரு சாராரில் எவர் கூறியது சரி? 2019-20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் நாடெங்கும் 35.22 லட்சம் நெசவாளரும் துணைத் தொழிலாளரும் உள்ளனர். அவர்களுள் எத்தனை பேர் இக்கேள்விக்கு விடை கூற முடியும்? வாரியம் ஆண்டுக்கு எத்தனை முறை கூடியது, என்ன பரிந்துரைத்தது, அதில் எதனை அரசு ஏற்றது என்ற விவரம் ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கும் வந்திருந்தால், வாரியம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஆதாரத்தோடு பேசியிருக்கலாம். அது வராததனால், வாரியம் நல்ல வேலை செய்திருந்தாலும் அதனைக் காக்க நெசவாளர் திரளவில்லை. வேலை செய்யாமல் இருந்திருந்தாலும் ஏன் செய்யவில்லை என்று கேட்கவும் எவரும் இல்லை. ஒளிவுமறைவற்ற நடவடிக்கை ஆளப்படுவோருக்கு மட்டும் நன்மை செய்வதன்று. வாரியத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

சட்டத்தில் உள்ள ஒரு சிறு வாசகம்

தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலேயே தகவல் பெறும் உரிமைக்காகச் சட்டம் இயற்றிய மாநிலம். பின்னர் 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கேட்டால் தகவல் தர வேண்டும் என்பது மட்டுமே இச்சட்டத்தின் சாரம் எனப் பலர் எண்ணுகின்றனர். எவரும் கேளாமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றை அதன் 4-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது.

அவ்வரிசையில் 4(1)(பி) என்ற உட்பிரிவின் 8-ஆம் கூறு நம் பொருளுக்கு உயிரானது. ஓர் அரசு அலுவலகத்தின் அங்கமாகவோ, அதற்கு ஆலோசனை கூறுவதற்காகவோ, இருவர் அல்லது அவர்க்கு மேற்பட்டோரைக் கொண்டு அமைக்கப்பட்ட வாரியங்கள், மன்றங்கள், குழுக்கள் யாவற்றின் விவரத்தையும் வெளியிட வேண்டும் என்பது அதன் பொருள். அத்துடன், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்கக்கூடியவையா என்பதையும் தெரிவிக்க வேண்டும். இவ்விவரங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த உட்பிரிவுகள், முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போது அதற்குரிய செய்திகளை வெளியிட வேண்டும் என்றும், முடிவால் பாதிக்கப்படுவோருக்குக் காரணம் கூற வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன.

இவ்வாசகத்தின் எல்லையையும் நாம் உணர வேண்டும். எல்லாக் கூட்டங்களையும் திறந்து வையுங்கள் என்று சட்டம் கூறவில்லை. திறந்ததா மூடியதா என்பதை அறிவியுங்கள் என்றே கூறுகிறது. ஆயினும் மூடியது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டி வந்தால், ஏன் மூடியது என்ற கேள்வி அடுத்து எழும். அக்கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் நாம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயிக்கு

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் அவ்வட்டாரத்தின் தோற்றமே மாறிவிட்டது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்தது. கிணற்று நீரையும் காற்றையும் பற்றிய கவலையும் உடன் வந்தது. புதிய ஆலை வருவதைப் பற்றி அக்கம்பக்கத்தார் எவ்வாறு அறிவது, எங்கே பேசுவது?

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்கு வழி கூறுகிறது. குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ அதற்குத் தலைமை வகிப்பர். நாளிதழ்களில் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வெளியாக வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். இவ்வளவு பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு இல்லை. மக்கள் கூறிய கருத்துகளின் சுருக்கத்தைக் கூட்டம் முடியும்போதே வட்டார மொழியில் படித்துக் காட்டி விளக்கி, அன்றே கையொப்பமிட வேண்டும். பின்னர் அதனைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும். கூட்டுறவு மகாசபையை ஒழுங்காக நடத்தத் தெரிந்த எவருக்கும் இம்முறை பழக்கமானதாகவே தோன்றும்.

நம் மாவட்டத்துக் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்துக்கு இத்தகைய கூட்டம் 2021 ஜனவரி 22-ஆம் தேதிக்கும், மீண்டும் 2023 செப்டம்பர் 5-ஆம் தேதிக்கும் குறிக்கப்பட்டு இரு முறையும் தள்ளி வைக்கப்பட்டது. அத்திட்டம் நல்லதா கெட்டதா என்பதற்குள் இக்கட்டுரை புகவில்லை. தேதி அறிவித்தால் மீனவரும் உழவரும் ஆயத்தமாகிறார்கள். எதிர்த்தும் ஆதரித்தும் பேச முன்வருகிறார்கள் என்பதை மட்டும் அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் இக்கூட்டம் உண்டு என்று எண்ணிவிடலாகாது. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகளுக்குச் சில நிபந்தனைகளுக்குட்பட்டு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவ்வாறு விலக்குப் பெறும் ஆலையைப் பற்றி ஊரார் முன்கூட்டியே அறியத்தக்க முக்கியமான சாளரம், அத்திட்டத்தை ஆராய்ந்து பரிந்துரை செய்யும் நிபுணர் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேயாகும். அக்குறிப்பை ஐந்து வேலை நாட்களுக்குள் முடிவு செய்து இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அதே அறிவிக்கை விதிக்கிறது. குழு கூடும் அறைக்குள் நாம் செல்ல இயலாது. அங்கே நடந்ததைப் படிக்க இயலும். தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், கழிவு எங்கே போகும் என்ற விவரங்கள் இத்தகைய ஆவணங்களில்தான் கிடைக்கும். சங்கத்தில் கணினி தெரிந்த ஓர் இளைஞர் மாதம் ஒருமுறை இதனைப் பார்த்துச் சொல்வாரானால், அது ஊருக்கே பெரும் தொண்டாகும்.

மொழியும் ஒரு கதவே

கூட்டம் திறந்திருந்தும் குறிப்பு நமக்குப் புரியாத மொழியில் இருக்குமானால் என்ன பயன்? 2020-இல் மேற்படி அறிவிக்கையை மாற்றப் புதிய வரைவு ஒன்று வெளிவந்தது. முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைப்பது அதிலிருந்த யோசனைகளுள் ஒன்று. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரைவு வெளியானதால் வழக்கு எழுந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. தகவல்களை வெளியிடும்போது வட்டார மொழியைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் தாருங்கள் என்று கேட்பது சலுகையன்று, உரிமையே.

பழைய வாரியமும் பிற நாடுகளும்

வாரியம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றைக் காண்கிறோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர்ச் சபை கூடியிருக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெற்றுக்கொள்பவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, அனைவரும் கேட்கப் படிப்பார். கையில் வேறோர் ஓலையை மறைத்து மாற்றிவிடக்கூடாது என்பதற்காகவே விரல்களை விரிக்கும் இவ்விதி. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர். அச்சபை நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாக இருந்தது. பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பொதுக் காரியம் பலர் காண நடக்க வேண்டும் என்ற கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் கல்லில் வெட்டப்பட்டது.

பிரிட்டனில் உள்ளூராட்சி மன்றக் கூட்டங்களில் பொதுமக்களும் பத்திரிகை நிருபர்களும் அமர உரிமை தந்த சட்டம் 1960-இல் நிறைவேறியது. பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர் பார்லிமெண்டில் புதிய அங்கத்தினராக இருந்தபோது கொண்டுவந்த தனி மசோதா அது. கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் மூன்று முழு நாட்களுக்கு முன்னரே அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. அமெரிக்காவில் 1972-இல் ஆலோசனைக் குழுக்களுக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. அரசுக்கு யோசனை கூறும் குழுக்களின் கூட்டம் முன்னதாக அரசிதழில் அறிவிக்கப்பட வேண்டும். பொதுமக்கள் வந்து அமரலாம், எழுத்தில் கருத்துத் தரலாம். விரிவான நடவடிக்கைக் குறிப்பு வைக்கப்பட வேண்டும். மூட வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் கூற வேண்டும். திறந்து வைப்பது பொது விதி, மூடுவது விலக்கு என்பதே அச்சட்டத்தின் அடிப்படை.

மறுப்புகளுக்கு விடை

இதற்கு மறுப்புகளும் உண்டு. அவற்றை அலட்சியம் செய்யலாகாது. கதவைத் திறந்தால் அதிகாரிகளும் நிபுணர்களும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள் என்பது ஒன்று. பார்வையாளருக்காகப் பேசும் பேச்சுப் பெருகி வேலை குறையும் என்பது மற்றொன்று. டெண்டர் விலை, தனிமனிதரின் கடன் நிலுவை, வணிக இரகசியம் ஆகியவை வெளியானால் தீங்கு நேரும் என்பது மூன்றாவது.

மூன்றாவது மறுப்பு நியாயமானதே. நம் சங்கத்திலும் நூல் கொள்முதலுக்கு வந்த விலைப்புள்ளிகளைத் திறக்கும் நாளுக்கு முன் எவரும் வெளியில் சொல்வதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 8-ஆம் பிரிவில் இத்தகைய செய்திகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் 10-ஆம் பிரிவு, விலக்கான பகுதியை மட்டும் நீக்கி மற்றதைத் தர வழி செய்கிறது. ஒரு பக்கத்தை மறைக்க வேண்டுமென்பதற்காகப் புத்தகம் முழுவதையும் பூட்டி வைக்க வேண்டுவதில்லை.

முதல் இரண்டு மறுப்புகளுக்கு நடுவழி ஒன்று உண்டு. விவாதம் நடக்கும் வேளையில் கதவு மூடியிருக்க நேர்ந்தாலும், கூட்டத்துக்கு முன் பொருள் நிரலும், பின் நடவடிக்கைக் குறிப்பும், அங்கத்தினர்களின் பெயர்ப் பட்டியலும், பரிந்துரையை அரசு ஏற்றதா இல்லையா என்ற விவரமும் வெளிவருமாயின் பெரும்பகுதிக் குறை தீர்ந்துவிடும். மனம் விட்டுப் பேசுவதற்கு இவை இடையூறாகா. தாம் கூறிய யோசனையின் சாரம் வெளியே தெரிவதற்கு அஞ்சுபவர் ஆலோசகராக அமரத்தான் வேண்டுமா என்பதும் எண்ணத்தக்கது.

நம் வீட்டுக் கதவு

அரசாங்கத்தைக் கேட்குமுன் நம்மைப் பார்த்துக்கொள்வது நலம். கேரளத்துக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில், 2013 அக்டோபர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. அரசின் கணிசமான நிதியுதவியோ ஆளுகையோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் பொது அதிகார அமைப்பு ஆகாது என்பது அத்தீர்ப்பு. ஆயினும் பதிவாளர் அச்சட்டத்துக்கு உட்பட்டவரே. சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறத்தக்க தகவலை அவர் வழியே கேட்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பைக் கேட்டு, இனி எவருக்கும் எதனையும் காட்ட வேண்டுவதில்லை என்று மகிழும் நிர்வாகிகள் கூட்டுறவின் ஆதாரத்தையே மறந்தவராவர். சட்டத்தின் கட்டாயம் இல்லாத இடத்திலும் அங்கத்தினரின் உரிமை இருக்கிறது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. நாட்டின் முதற் சங்கமாக அது போற்றப்படுகிறது. அக்காலத்தில் தகவல் உரிமைச் சட்டம் எதுவும் கிடையாது. ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்ற அந்நாளில், கணக்கை ஒருவருக்கொருவர் அறியாமல் சங்கம் ஒரு நாளும் நடந்திராது. அந்த நம்பிக்கையே நம் முதலீடு.

அங்கத்தினர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் நிர்வாகக் குழுத் தீர்மானங்களின் சுருக்கத்தை ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். மகாசபையில் சென்ற ஆண்டுத் தீர்மானங்கள் என்னவாயின என்பதைச் செயலாளர் படித்துக் காட்டட்டும்.

இரண்டாவதாக, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் செல்பவர், மனுவைக் கொடுத்ததோடு திரும்பிவிடாமல், முந்தைய கூட்டத்தில் தந்த மனுவுக்கு என்ன பதில் என்று கேட்டு எழுதி வரட்டும். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை என உயர்த்தப்பட்ட கிராம சபைக் கூட்டங்களிலும் தீர்மானம் எழுதப்படும் வரை அமர்ந்திருக்கட்டும்.

மூன்றாவதாக, நம் தொழிலைச் சார்ந்த துறைகளிடம் எழுத்தில் கேட்போம். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு உரியதாகையால், சங்கத்தின் பெயரால் எழுதாமல் அங்கத்தினர் ஒருவர் தம் பெயராலும் முகவரியாலும் விண்ணப்பிப்பது நலம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. காரணம் கூற வேண்டுவதில்லை. பின்வருமாறு எழுதினால் போதும்:

“தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(பி)-யின் 8-ஆம் கூறின்படி, தங்கள் துறைக்கு ஆலோசனை கூற அமைக்கப்பட்டுள்ள வாரியங்கள், குழுக்கள் ஆகியவற்றின் பட்டியலையும், அவற்றின் அங்கத்தினர் பெயர்களையும், கடந்த இரண்டு ஆண்டுகளில் அவை கூடிய தேதிகளையும், அக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல்களையும் அளிக்குமாறும், கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா என்பதைத் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன்.”

முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது பதில் நிறைவளிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடும், அதன்பின் தொண்ணூறு நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பதிலைப் பெற்றவர் அதனைத் தம் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளாமல் சங்கத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

நான்காவதாக, நம் வட்டாரத்தைச் சேர்ந்தவர் எவரேனும் ஓர் ஆலோசனைக் குழுவில் நியமனம் பெற்றால் அவருக்கு மாலை சூட்டுவதோடு நில்லாமல், ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் நம் கருத்தைக் கேட்டுச் செல்லவும், பின் வந்து சொல்லவும் வேண்டுவோம். அவர் அங்கே அமர்ந்திருப்பது தம் பெருமைக்காக அல்ல, நம் பொருட்டு.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்திப் பிணைத்த பிறகே மேலே நெய்கிறார். கண்டும் காணாமல் விட்டால் துணி முழுவதும் கோடு விழும் என்பது அவருக்குத் தெரியும். ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையே ஓடும் இழைகளுள் ஆலோசனைக் குழுக்களும் ஒன்று. அது எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும். அடுத்த மகாசபைக்கு முன் நம் மாவட்டத்துச் சங்கம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விண்ணப்பமாவது புறப்படட்டும். வரும் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நம்மைப் பற்றி யார் எங்கே பேசுகிறார்கள் என்பதை நாம் நன்கு தெரிந்துகொள்வோம்.